மிச்சக் காசு

ஒட்டுசுட்டான் சங்கக் கடையில்
காசு மேசைக்குக் கீழே
ஒரு ஊதா லைற் இருக்கிறது.
ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் காட்டினால்
நல்ல தாள் இருண்டு கிடக்கும்,
உள்ளே சில நார்கள் மட்டும் முழிக்கும்.
கள்ளத் தாள் முழுக்கப் பல்லிளிக்கும்.
பதினொரு வருசமாக நான் பார்ப்பது இதைத்தான்.

வியாழக்கிழமை கடையில் கரண்ட் இல்லை.
எங்கள் கூரையில் ஒரு சோலார் தகடு உண்டு.
பற்றரியை வீட்டில் சார்ஜ் பண்ணவென்று
லைற்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
இராசநாயகம் மனேச்சருக்குச் சொல்லவில்லை.

இரவு பதினொரு மணி.
பின்வளவில் நாய் எதற்கோ குரைக்க
கைக்கு அகப்பட்டது அந்த லைற்தான்.

பச்சை.
முதிரை விறகுக்கும் உடைந்த சீமெந்துக் கல்லுக்கும் நடுவில்
வாலை மடக்கிக்கொண்டு
ஒரு நட்டுவக்காலி
பச்சையாக எரிந்துகொண்டு நின்றது.

சாதாரண டோர்ச்சை அடித்தேன்: கறுப்பு.
ஊதாவை அடித்தேன்: பச்சை.
கறுப்பு. பச்சை.
நாய் குரைப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

பௌதிகவியலில் எஸ் எடுத்தவள் நான்,
அதுவும் இரண்டாந்தரம்.
ஆனால் காசு எண்ணத் தெரியும்.
காசுக் கணக்கிலேயே சொல்கிறேன்.

இலத்திரன் சில்லறை சேர்க்காது.
சிவப்பு வெளிச்சத்தை
ஒரு ரூபாய்க் குற்றிகள் மாதிரி
மூட்டை மூட்டையாய்க் கொட்டிப் பார்,
நிமிர்ந்தும் பாராது.
படியின் உயரத்துக்குப் பொருந்திய
ஒரே ஒரு தாள் வேண்டும் அதற்கு.
கழியூதா அப்படி ஒரு தாள்,
எங்கள் கண்ணுக்குத் தெரியாத நோட்டு.
வாங்கியதும் மேல்படிக்குத் தாவும்.

மேலே நிலைக்க ஏலாது.
சுற்றியிருக்கும் அணுக்கள் கொஞ்சம் நடுங்கி
தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்,
விரலும் உணராத அளவு சூடு.
மிச்சக் காசுதான் வெளியே வரும்.
வாங்கியதிலும் குறைவு,
அதனால்தான் பச்சை,
அதனால்தான் எனக்குத் தெரிகிறது.

ஒரு தரம் நான் கண்ணிமைக்க
அது கோடிமுறை ஏறி இறங்கிவிடும்.
எங்கள் சங்கத்தில்
ஒரு பற்றுச்சீட்டு எழுதக் கால்மணி.

இறங்கச் சுணங்குவதும் உண்டு.
பக்கத்து வீட்டு வசந்தமலரின் மணிக்கூட்டில்
முட்கள் லைற் அணைத்த பிறகும் பச்சையாக நிற்கும்.
அங்கே இலத்திரன் ஏறி
தவறான படியில் மாட்டிக்கொண்டது.
நேரே இறங்கத் தடை என்று புத்தகம் சொல்லும்.
தடை என்றால் இல்லை என்றல்ல.
சுணங்கும்.
வசந்தமலரும் கச்சேரிக்குக் கொடுத்த நட்டஈட்டுப் படிவத்தின்
நிழற்பிரதியை
அந்த மணிக்கூட்டுக்குப் பின்னால்தான் செருகி வைத்திருக்கிறாள்.
மூன்றாவது அரசாங்க அதிபர் நடக்கிறார்.

இவர் செருப்போடு வந்துவிட்டார்.
"எங்க? எங்க நிக்குது?"

லைற்றை அணைத்தேன்.
ஏன் என்று இப்பவும் தெரியாது.
அணைத்த அந்தக் கணமே நட்டுவக்காலியும் அணைந்தது,
ஒரு சதமும் கையில் வைத்திருக்கவில்லை.
இருட்டு.
இருட்டுக்குள் அது நிற்கிறது,
ரட்ணசீலன் ஓங்கிய கையோடு நிற்கிறார்,
நான் வெறுங்காலோடு நிற்கிறேன்.

"போட்டுதோ?"
"போட்டுது."

விடிய ஏழரைக்குக் கடையில்
பற்றரி அரைவாசிதான் காட்டியது.
மனேச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
பதிவேட்டை இழுத்து
பாவனை என்ற நிரலில் எழுதினேன்:
நட்டுவக்காலி, ஒன்று.
நல்லது.